விறாந்தைக்குப் புள்ளி இல்லை

"தம்பி ஆற்ற மகன்?"

தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றபடி விமலேஸ்வரி கேட்டாள். மடிக்கணினியிலிருந்து நிருஷன் தலை நிமிர்த்தினான்.

"மாயாண்டியின்ர மகன், அன்ரி."

"எந்த மாயாண்டி? எங்கட வயலுக்கு மருந்தடிக்க வாறவனோ?"

"ஓம்."

விமலேஸ்வரி மகளைப் பார்த்தாள். ஜெயரூபி கைபேசிக்குள் குனிந்துகொண்டாள்.

"உள்ளுக்க ஒரே வெக்கை. நீ விறாந்தையில போய் இரு தம்பி, காத்து வரும்."

வந்தபோது 'இருங்கோ'. இப்போது 'இரு'. ஜெயரூபியும் குழுவின் மூன்றாமவன் சிவகரனும் மின்விசிறிக்குக் கீழே அசையாமல் இருந்தார்கள். அவன் வெளியே போனதும் யன்னலால் கேட்டது: "மலையகத்தில இருந்து வந்த தோட்டக்காட்டுச் சனத்தை நடு வீட்டில இருத்தி வைச்சிருக்கிறியே, உனக்கு அறிவில்லையோடி?"

விவசாய பீடத்து மூன்றாம் வருடக் குழுவேலை அது. தர்மபுரத்து அந்த வீட்டில் நான்கு கூட்டம் நடந்தது. நான்கிலும் நிருஷனுக்கு விறாந்தைதான். கிணறு கிணறாய்ப் போய்த் தண்ணீர் அள்ளிச் சோதித்ததும், அறிக்கையில் முக்கால்வாசி எழுதியதும் அவன்.

விரிவுரையாளர் தில்லைநாதன் புது முறை கொண்டு வந்திருந்தார். பரீட்சைத் தாள் மட்டும் பிள்ளைகளை அளக்கக் கூடாதாம். குழுவிலுள்ளவர்களே ஒருவருக்கொருவர் புள்ளி போட வேண்டும். கலந்துரையாடலில் பங்கெடுத்ததற்கு இருபது. மற்ற இரண்டு பேரும் நிருஷனுக்கு ஆளுக்கு இரண்டுதான் போட்டிருந்தார்கள். தொடர் மதிப்பீடு முப்பத்தேழில் நின்றது. நாற்பது இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு இருக்க முடியாது; ஒரு வருடம் போய்விடும்.

"என்ன ஜெயரூபி இது?"

"பொய்யே போட்டனான்? நீ ஒருநாளும் உள்ளுக்க வந்து கதைக்கேல்லத்தானே."

சிவகரன் சிரித்தான். "விறாந்தைக்குப் புள்ளி இல்லை மச்சான்."

நிருஷன் தில்லைநாதனிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீட்டுப் பழக்கங்களை நான் மாத்தேலாது தம்பி. இன்னொரு கூட்டம் வையுங்கோ. மூண்டு பேரும் கையெழுத்து வைச்ச கூட்டக் குறிப்பைத் தந்தா, புள்ளியைத் திருத்துறன்."

சனிக்கிழமை தன் வீட்டுக்கு வரச் சொன்னான் நிருஷன். மாயாண்டி முற்றம் கூட்டினார். அயல் வீட்டில் இரண்டு கதிரை இரவல் வாங்கிப் போட்டார். பத்து மணி பதினொன்றாயிற்று. ஜெயரூபியின் செய்தி வந்தது: 'அம்மா உங்கட பக்கம் விடமாட்டா. நீ இஞ்ச வா. நாங்களும் விறாந்தைக்கு வாறம். கையெழுத்து வைச்சுத் தாறம்.'

"போயிட்டு வந்துருப்பா," என்றார் மாயாண்டி. "கையெழுத்துதானே வேணும்? ஒரு வருசம்டா."

நிருஷன் கூட்டக் குறிப்புப் படிவத்தை எடுத்தான். இடம்: மாயாண்டி வீடு. வந்தவர்: நிருஷன். வராதவர்: ஜெயரூபி, சிவகரன். எதிரே, காரணம்.

"காய்ச்சல்னு போட்டுடு தம்பி."

'இந்த வீட்டில் தண்ணி வென்னி குடிக்க மாட்டார்கள்' என்று எழுதிக் கீழே கையெழுத்து வைத்தான்.

திங்கட்கிழமை தில்லைநாதன் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மேசைமேல் அவன் பக்கமாகத் தள்ளினார்.

"இதை நான் பதியேலாது. ரெண்டு கையெழுத்துக் குறையுது."

"ஓம் சேர். அது ஏன் குறையுது எண்டுதான் எழுதியிருக்கிறன்."

படிவத்தை அவன் திருப்பி எடுக்கவில்லை.