லூர்த்தம்மாவின் இரண்டாம் சாமத்தியம்

கிட்ட வந்து இருங்கள், என் செல்வங்களே. சிரிக்கவும் கொஞ்சம் பயப்படவும் ஒரு கதை வைத்திருக்கிறேன்.

குருநகர் லூர்த்தம்மாவுக்கு அறுபத்தாறாவது வயதில் மாதவிலக்கு மறுபடி வந்த கிழமை, முற்றத்தில் காயப்போட்ட கருவாடெல்லாம் சினைபிடித்தது. கீறிக் குடலெடுத்து உப்பிட்ட மீன்தான். என்றாலும் வயிறு பருத்தது. சந்தையில் அது தினமும் காலை எட்டு மணிக்குள் விற்றுமுடிந்தது. விற்றது லூர்த்தம்மாவுடைய புருஷனின் தங்கை மார்கிரட். முதல்முறை லூர்த்தம்மா பெரியபிள்ளையானபோது தகப்பன் கடலில் நின்றதால் சாமத்தியச் சடங்கு நடக்கவில்லை, இந்த முறை குறை வைக்கக்கூடாது என்று மார்கிரட்டே மண்டபம் பிடித்து, கார்ட் அடித்து, வீடியோக்காரருக்கும் சொல்லிவிட்டாள். தொண்ணூற்றொரு வயதுத் தாய்மாமனை ஓட்டோவில் ஏற்றிவந்து தண்ணீர் வார்க்க வைத்தார்கள். பாதி அவர்மேலேயே ஊற்றிக்கொண்டார்.

பலகாரம் சாப்பிட வந்த அயல்வீட்டு டொக்டர் நிரோஜினி மெல்லக் கேட்டாள்:

"அன்ரி, மாதவிலக்கு நிண்டு எத்தினை வருஷம்?"

"பதினாலு, பிள்ளை."

"அப்ப இது சாமத்தியமில்லை. நாளைக்கே கிளினிக்குக்கு வாங்கோ."

ஸ்கானில் இடது சூலகத்தில் தேசிக்காய் அளவு கட்டி தெரிந்தது. அபூர்வமான வகை, தானாகவே பெண் ஓமோனைச் சுரக்குமாம். விட்டால் உயிரைக் கேட்கும். கருப்பையின் உட்சுவரிலும் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். சூலகங்களையும் கருப்பையையும் எடுக்கக் குறித்த நாளில் புறப்பட்டபோது மார்கிரட் வாசலை மறித்தாள்.

"உது ஆண்டவர் குடுத்த வரம், மச்சாள். கத்தி வைச்சா சினை நிண்டிடும்!"

"சினை வேணுமெண்டா நீர் ஒருக்காப் பெரியபிள்ளையாகும். எனக்கு உயிர் வேணும்."

புருஷன் சந்தியோகு உடனே எழும்பிப் போய் ஓட்டோவைக் கூட்டிவந்தார்.

ஒப்பரேசன் மூன்று மணித்தியாலம். அன்றே கருவாடுகளின் வயிறு வற்றியது. மார்கிரட் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, மூன்றாம் நாள் சூப்போடு வந்தாள். கட்டியை அனுப்பிய ஆய்வுகூடத்தில், மேசையிலிருந்த பிளாஸ்டிக் ரோசாக்கள் சிவப்பாய்க் காய்த்தன. அங்குள்ளவர்கள் கையுறையோடு ஒன்றைப் பறித்துக் கடித்து, புளிப்பு என்று குறித்துவிட்டு அறிக்கையை எழுதினார்கள்: சூலகத்துக்கு வெளியே பரவவில்லை, பல வருஷம் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தம் சோதித்துப் பார்க்கவேண்டும். பழங்களைப் பற்றி யாரும் மேலே விசாரிக்கவில்லை. மிச்சத்தைத் தேநீர் நேரத்தில் உப்புத் தொட்டுத் தின்றார்கள்.

உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும். மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் வாய்திறந்து சொல்லும் பெண்களும், கேட்டவுடன் எழும்பும் ஆண்களும் அங்கே நிறையட்டும்.