அரபி, பன்னிரண்டு வருடம்

...இல்லை, குக்கருக்கு வெயிட்டைப் போடக் கூடாது, போட்டால் விசில் வரும், விசில் வந்தால் வடக்கே எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாள் காதில் விழும், விழுந்தால் இந்தப் பிள்ளை வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்குப் பருப்பு வேகிறது என்று குறித்துக்கொள்வாளோ என்னவோ, அதற்கு எத்தனை மார்க்கைக் குறைப்பார்களோ... சாஜிதா பானு வெயிட்டைத் துப்பட்டா நுனியில் பொத்திக்கொண்டு அடுப்படியில் நின்றாள். நின்று பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. இன்டர்வியூ நாற்பது நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். ஹாலில் மகள் ஆயிஷா சித்திகா லேப்டாப்புக்கு முன்னால் பெருநாள் சுடிதாரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வீட்டிலேயே சுண்ணாம்பு உதிராத ஒரே சுவர், சுவரோரம் ஸ்டூல், ஸ்டூல்மேல் பக்கத்து வீட்டு ஜெயசித்ரா டீச்சரிடம் இரவல் வாங்கிய உலக உருண்டை. மீதி உலகம் முழுவதும், அதாவது அரிசி மூட்டை, இஸ்திரிப் பெட்டி, கால் உடைந்த கட்டில், மடிக்காத துணிக் குவியல் எல்லாம், கேமராவுக்கு முதுகுப் பக்கம் குவிந்து கிடக்கிறது. நேற்று முழுக்க அதுதான் வேலை. எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை, அடுப்படி வாசல் அந்த நல்ல சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. வெளியே காலை வைத்தால் பூப்போட்ட நைட்டியோடு நேரே யுனிவர்சிட்டிக்குள் போய் நிற்க வேண்டியதுதான். பின்வாசல் உண்டா? வீடு கட்டும்போதே மஜீது, அதாவது அவள் வீட்டுக்காரர் அப்துல் மஜீது, பின்வாசல் பாதுகாப்பில்லை என்று சவுதியில் தம்மாமிலிருந்து போனிலேயே அதை அடைத்துவிட்டார். ஆக, நில் சாஜிதா, நில், இது என்ன உனக்குப் புதுசா...

அடுத்த தெருவில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஓடினால் ஓடட்டும், அந்தச் சத்தம் சங்கரன்கோவிலில் யார் காதிலும் விழாது. அந்த அம்மாள் காதில் விழுமோ? ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறாள், பிள்ளை பதில் சொல்கிறாள், வீட்டில் பேசுகிற குரலே இல்லை, யாரோ ஒருத்தி குடிவந்த மாதிரி... சாஜிதாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, பிள்ளையின் ரேங்க் கார்டு வரைக்கும் வரும். இந்த வேகத்துக்கு வராது. ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான் காதைத் தீட்டி வைத்திருக்கிறாள். 'அரபிக்.' அது இன்னும் வரவில்லை. வராமலே போய்விடாதா? யா அல்லா, அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே அந்த அம்மாளுக்கு டீ வந்துவிடக் கூடாதா?

எழுதியது யார், இவள்தானே. ராஜபாளையம் ரோட்டில் உரக்கடை மாடியில் இருக்கிற கன்சல்டன்சியில், கழுத்தை நெரிக்கிற டையும் காலில் ரப்பர் செருப்புமாக உட்கார்ந்திருந்த பாண்டியராஜன் சார், படிவத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். "மேடம், இங்கன ஒரு காலம் காலியாக் கிடக்கு பாத்தியளா, ஃபாரின் லாங்குவேஜ். குறைஞ்சது ரெண்டு வருசம் படிச்சிருக்கணுமாம். இந்தப் படிப்பு வெளிநாட்டு உறவுகளைப் பத்தின படிப்புல்லா." வெளிநாட்டு உறவுக்கு எங்கள் குடும்பத்தில் என்ன குறைச்சல், வீட்டுக்கு ஒருத்தர் அங்கேதானே கிடக்கிறார் என்று சாஜிதா நினைத்துக்கொண்டாள். அவர் பேனாவைக் கடித்தார். "பாப்பா அரபி ஓதும்லா?" "ஓதும் சார், அஞ்சு வயசுல இருந்து." "இப்ப பதினேழு. அப்பப் பன்னெண்டு வருசம். மேடம், ரெண்டு வருசம் கேக்கான், நம்மகிட்டப் பன்னெண்டு இருக்கு! இதைப் போயி இம்புட்டு நேரம் மறைச்சு வச்சிருக்கியளே." அர்த்தம் தெரியாது சார், ஓத மட்டும்தான் வரும் என்று சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாயை மூடினாள். ஏன் மூடினாள்? பக்கத்து நாற்காலியில் இன்னொரு பிள்ளையின் தாய் உட்கார்ந்து, பன்னிரண்டு வருடமா என்று கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்காகவா? சீ... விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பின்னால் தலையில் முக்காடு போட்டுப் பிள்ளை ஓதுவதைக் கேட்டால் நெஞ்சு எவ்வளவு லேசாகும், அதைப் போய்ப் படிவத்தில் ஒரு காலத்துக்குள் அடைத்து, பெற்றோர் உறுதிமொழி என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாளே... கொடுத்த தகவல் பொய்யென்று தெரிந்தால் விண்ணப்பம் ரத்து என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பாண்டியராஜன் சார் பட்டனை அமுக்கிவிட்டார்.

ரத்தானால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் பயமே. "கிடைச்சா அனுப்புதேன், கிடைக்கலைன்னா நம்ம ஊர்லயே பி.காம், வீட்டுல இருந்து போய்ட்டு வரட்டும்" என்று மஜீது தீர்ப்புச் சொல்லிவிட்டார். பி.காமுக்கு என்ன குறை? சாஜிதாவே அங்கே பி.காம் சேர்ந்தவள்தான். இரண்டாவது செமஸ்டரில் கல்யாணம், மூன்றாவது செமஸ்டரில் வாந்தி, அப்புறம் இந்த அடுப்படி. குறை ஒன்றும் இல்லை. நாற்பது நிமிடம் நின்றால் தெரியும் இதன் நீள அகலம்...

பதினொன்றாம் வகுப்பில் ஃப்ரெஞ்சு எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், தமிழா ஃப்ரெஞ்சா என்று. ஃப்ரெஞ்சு எடுத்தால் நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று தாளாளர் மைக்கைப் பிடித்துப் பேசினார், தாய்மொழியின் அருமை பற்றியும் அதே மைக்கில்தான் பேசினார், கூட்டம் இரண்டுக்கும் கை தட்டியது. ஃப்ரெஞ்சு சார் யாரென்று பார்த்தால் கெமிஸ்ட்ரி சார். எதிர்வீட்டு வேல்விழி எடுத்தாள், தொண்ணூற்றெட்டு வாங்கினாள், ஃப்ரெஞ்சில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்கத் தெரியாது, ஆனால் அவள் படிவத்தில் காலம் நிறைந்துவிட்டது, சத்தியமாகவும் நிறைந்துவிட்டது. ஆயிஷாவும் எடுக்கிறேன் என்றுதான் சொன்னாள். தடுத்தது மஜீதுதான். "வீட்டுலயே ஒரு வெளிநாட்டு மொழி தண்ணியா ஓடும்போது இன்னொண்ணு எதுக்கு?"

தண்ணியாக... பத்தொன்பது வருடமாக அது அப்படித்தான் ஓடுகிறது. லீவில் வரும்போதெல்லாம் தெருவில் நின்று போனில் அரபி பேசுவார், ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்திக் கேட்பான். ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார், மொழிபெயர்க்க ஜமாஅத்தில் மஜீதைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். அத்தர் பூசிக்கொண்டு போனவர் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். "அது வேற நாட்டு அரபி" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு இவள் பன்னிரண்டு வருடம் இல்லை, பத்தொன்பது வருடம் படித்திருக்கிறாள்.

இன்டர்வியூ என்றதும் மனிதர் தாமே சொல்லித் தருகிறேன் என்றார். தினமும் வாய்ஸ் மெசேஜ், மொத்தம் நாற்பத்தாறு. ஆயிஷா நோட்டுப் போட்டு எழுதினாள். வண்டி வந்துவிட்டது. முதலாளி இல்லை, நாளைக்கு வா. மெதுவாக, மெதுவாக, உடைந்துவிடும். இங்கே கையெழுத்துப் போடு. இதோ, இப்பவே. சரி. சரி, சரி. பத்தாம் நாள் பிள்ளை நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள், "ம்மா, அத்தா பேசுதது எல்லாம் பதிலாத்தான் இருக்கு. கேள்வின்னு மொத்தத்துல ஒண்ணுதான் வருது." "என்னது?" "லீவு எப்ப." அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஏன் சாஜிதா போய்த் தட்டைக் கழுவினாள், அது ஏற்கெனவே கழுவின தட்டு...

"பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பழைய பேட்டரிக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருமுனையில் மைக்செட் வண்டி திரும்பியது. யா அல்லா, ஹால் ஜன்னல்! காற்றுக்காக இவள்தான் திறந்து வைத்தாள். இன்னும் அரை நிமிடத்தில் ஈயமும் பித்தளையும் யுனிவர்சிட்டிக்குள் போய்விடும். யோசிக்க நேரமில்லை. சாஜிதா பானு, வயது முப்பத்தேழு, வலது முட்டியில் தேய்மானம், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி, தரையில் நாலு காலில் இறங்கினாள். கேமரா மேசை உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே போனால் தெரியாது என்று ஒரு கணக்கு. மகளின் நாற்காலிக்குப் பின்னால், நல்ல சுவரின் அடியில், தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு கை, ஒரு முட்டி, மூச்சு விடாமல், ஒரு கை... தரை இவ்வளவு சில்லென்று இருக்குமா? சொந்த வீட்டில் திருடி மாதிரி ஊர்ந்து போகிறோமே என்று வெட்கம்கூட வரவில்லை, கொண்டை மட்டும் மேலே தெரிந்துவிடுமோ, அதுதான் கவலை. ஆயிஷா பேச்சை நிறுத்தாமல் இடது கையை மட்டும் நாற்காலிக்குக் கீழே விட்டு, இன்னும் குனி என்று காட்டினாள். குனிந்தாள். ஜன்னலை அடியிலிருந்தே எட்டி ஒருக்களித்து மூடினாள். திரும்பி அதே வழியில், அதே ஊர்தல், அடுப்படிக்குள் வந்து எழுந்து நின்றபோது முட்டி இரண்டும் தனித்தனியாக அழுதன.

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. "அரபிக்" என்றாள் அந்த அம்மாள், அப்புறம் "ட்வெல்வ்." தறிச் சத்தம் இப்போது சாஜிதாவுக்கே கேட்டது. பிறகு ஆயிஷாவின் குரல், "ஷ்வய்யா, ஷ்வய்யா" என்றது, மெதுவாக, மெதுவாக, அச்சு அசல் மஜீதின் இழுப்பு, உடையக்கூடிய பெட்டியை இறக்குகிற இழுப்பு. அதற்குப் பின்னால் நீளமாக ஆங்கிலம். 'ஃபாதர்' என்பது புரிந்தது. 'மதர்' என்பதும் புரிந்தது. நடுவில் என்ன? என் பிள்ளை என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து என்னைப் பற்றி ஏதோ சொல்லுகிறாள், எனக்குச் சத்தம்தான் வருகிறது, அர்த்தம் வரவில்லை... அந்த அம்மாள் சிரித்தாள். என்ன சிரிப்பு அது? பிடித்துப்போன சிரிப்பா, பிடித்துவிட்ட சிரிப்பா?

லேப்டாப் மூடும் சத்தம் கேட்டது. ஆயிஷா அடுப்படி வாசலில் வந்து நின்று தண்ணீர் குடித்தாள். "என்னட்டி கேட்டாவ?" "கேட்டாவ." "நீ என்ன சொன்ன?" "உள்ளதைச் சொன்னேன்." "எந்த உள்ளதை?" "ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாதுன்னு. பேசத் தெரிஞ்சது எங்கத்தா குடோன் அரபின்னு. ரெண்டு வரி சொல்லியும் காட்டினேன்." "பாவி மவளே, பன்னெண்டு வருசம்னு எழுதிக் கெடக்கே!" "அதையும் கேட்டாவ, யார் எழுதினதுன்னு. எங்கம்மான்னேன்." "அதுக்கு?" "அதுக்குத்தாம்மா சிரிச்சாவ." "எப்படிச் சிரிச்சாவ?" "சிரிப்புல என்னம்மா, ரகமா இருக்கு? பத்து நாள்ல மெயில் வருமாம். பசிக்கு." சொல்லிவிட்டு உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள், தப்பித்தவள் மாதிரி, அல்லது தப்பிப்பதைப் பற்றிக் கவலையே இல்லாதவள் மாதிரி. பத்து நாள்... சாஜிதா குக்கருக்கு வெயிட்டைப் போட்டாள்.

போன் அடித்தது. மஜீது, வீடியோவில். எப்போதும்போல அதே வெள்ளைச் சுவர், அதே காலண்டர், அதே ஒற்றைத் தலையணை. கம்பெனி கொடுத்த தனி ரூம், ஏசி. துணைக்கு ஒரு பூனை உண்டு, பேசிக்கொண்டிருக்கும்போது சில நாள் படத்தின் அடிவிளிம்பில் கறுப்பாக ஏதோ அசையும், பூனை என்பார். அத்தா ரூமில் பூனை இருக்கிறது என்று சின்ன வயதில் ஆயிஷா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். "என்ன, நம்ம அரபி எடுபட்டுதா?" மஜீது முடியைக் கோதிக்கொண்டு கேட்டார். சாஜிதா அவர் முகத்தைப் பார்த்தாள். "எடுபடாம? அசந்துட்டாவளாம்." "நான் அப்பவே சொன்னேம்லா! நீதான் பயந்து செத்த. பேச்சுன்னா அது ஒரு..."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படத்தின் அடிவிளிம்பில் அது அசைந்தது. கறுப்பு. ஒரு உச்சந்தலை, நடுவில் கொஞ்சம் நரை. இடதிலிருந்து வலதுக்கு, நின்று, இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி நகர்ந்தது. ஒரு கை, ஒரு முட்டி, ஒரு கை... மஜீதின் தோள் லேசாக இறங்கியது, கை போனுக்குக் கீழே போய், இன்னும் குனி என்று காட்டுகிறவர் தோள் எப்படி இறங்குமோ அப்படி. சாஜிதாவின் முட்டியில் தரையின் சில்லென்ற ஈரம் இன்னும் இருந்தது. பத்தொன்பது வருடம்... அந்தச் சுவருக்கு எதிர்ப் பக்கம் எத்தனை பேர், எத்தனை கட்டில்?

"என்ன பேச்சையே காணும், அடுப்படிலயா நிக்க? அதான் முடிஞ்சிட்டே, வெளிய வாயேன்" என்றார் மஜீது. போனைக் கொஞ்சம் திருப்புங்களேன் என்று வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு, "பூனை நல்லாருக்கா?" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு கணம் படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தாள். காலண்டர் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"இருக்கு" என்றார்.

குக்கர் முதல் விசிலைக் கொடுத்தது. நைட்டிதான், ஹாலில் கேமராவும் இல்லை, வாசலும் திறந்தே கிடக்கிறது. சாஜிதா போனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.