நல்லெண்ணெய் குடித்த தோல் கோட்டு

விருதுநகரில் மார்கழி மாதத்திலும் மதியத்துக்கு மின்விசிறி வேண்டும். விடியற்காலையில் கோலம் போடுகிறவர்கள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் குளிருக்கு அதுவே அதிகம். அப்படிப்பட்ட ஊரில், எண்ணெய்க்கடை பலவேசம் வீட்டுக்கு ஒரு தோல் கோட்டு வந்து சேர்ந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஸ்ரீமதி, பட்டுச் சேலைகளுக்கு அடியில் அதை மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

அது அவளுடைய அப்பா ராஜபாண்டியனின் கோட்டு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருந்தவர். முதல்முதலாக வடக்கே ஆர்டர் பிடிக்கப் போனபோது, குளிர் என்றால் என்னவென்று தெரியாமல் ஒரு பருத்திச் சட்டையோடு லூதியானாவில் இறங்கிவிட்டார். பல் கிட்டிப்போய்க் கடை வாசலில் நின்றவரைப் பார்த்த குர்தியால் சிங் என்ற வியாபாரி, விலை எதுவும் பேசுவதற்கு முன்னால், தான் புதிதாக வாங்கிப் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டார். அதன்பிறகு ஒவ்வொரு தை மாதமும் அந்தக் கோட்டோடுதான் ராஜபாண்டியன் வடக்கே போனார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நெஞ்சுவலியில் அவர் போய்ச் சேர்ந்தபின், கோட்டு கம்பெனி ஜன்னலோரத்து ஆணியில் அப்படியே தொங்கிக் கிடந்தது.

இப்போது கம்பெனி ஸ்ரீமதி கையில். இதுவரை எல்லாம் போனில்தான். பொங்கல் கழிந்ததும் முதல்முறையாக அவளே லூதியானாவுக்குப் போகிறாள்.

“எனக்கு அப்பா முகம் இல்ல அத்தை, அம்மா முகந்தான். கோட்டாவது அப்பாவோடதா இருந்தா, அந்தப் பெரியவரு என்னை இன்னாருன்னு பாத்ததும் தெரிஞ்சுக்குவாருல்ல” என்று மாமியார் சொர்ணலட்சுமியிடம் ஒருநாள் சொன்னாள். வியாபாரத்துக்காக மட்டும் அவள் அதைச் சொல்லவில்லை என்பது சொர்ணலட்சுமிக்குப் புரிந்தது.

கோட்டின் நிலைமைதான் சரியில்லை. நிறம் வெளுத்து ரஸ்க்கு மாதிரி ஆகியிருந்தது. மடக்கினால் அப்பளம் போல விறைத்தது. முழங்கை மடிப்பில் வெடிப்பு விட்டிருந்தது. ஸ்ரீமதி சாயங்காலமானால் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தாள்.

“என்னத்தா தேடுற, கண்ணு வலிக்காதா?”

“கண்டிஷனர் அத்தை.”

“அது தலைக்குப் போடுறதுல்ல?”

“இது தோலுக்கு. ஒருத்தன் க்ரீமுங்கான், ஒருத்தன் மெழுகுங்கான். ஸ்ப்ரே அடிச்சா மேல பளபளன்னு இருக்குமாம், உள்ள இறங்காதாம். ஷூ பாலிஷ் போட்டா சட்டையெல்லாம் ஒட்டுமாம். படிக்கப் படிக்கக் குழப்பமாத்தான் இருக்கு. காஞ்சுபோன தோலுக்கு எண்ணெய்ப்பசை ஏத்தணும், அம்புட்டுதான் விஷயம்.”

எண்ணெய்ப்பசை என்ற அந்த ஒரு சொல் சொர்ணலட்சுமியின் மனசில் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய்க்காரர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பிள்ளை எண்ணெயை ஊரெல்லாம் தேடுகிறதே என்று இருந்தது. மறுநாள் ஸ்ரீமதி கம்பெனிக்குப் போனதும், கடையில் இருப்பதிலேயே நல்லதான செக்கு நல்லெண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, லேசாகச் சூடுபண்ணி, கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்பு முந்திக்கொண்டது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வோம் என்ற நினைப்பு பிந்திவிட்டது.

கோட்டு தாகம் எடுத்த மாடு மாதிரி எண்ணெயைக் குடித்தது. ஊற்ற ஊற்ற உள்ளே போயிற்று. வலது கையும் வலது பக்க நெஞ்சும் முடிந்திருந்தபோது, கோயிலில் விளக்குப் பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று அடுத்த வீட்டு வேல்விழி வந்து கூப்பிட்டாள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோட்டைப் பின்னறை ஆணியில் மாட்டிவிட்டு சொர்ணலட்சுமி கிளம்பினாள். ஸ்ரீமதி களைத்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். பின்னறைப் பக்கம் போகவில்லை.

விடியற்காலையில் கோலப்பொடி எடுக்கப் போனபோதுதான் சொர்ணலட்சுமி அந்த ஊர்வலத்தைப் பார்த்தாள். அடுக்களை ஜன்னலில் தொடங்கிய கறுப்பு எறும்பு வரிசை, சுவரோரமாக நடந்து, நிலைப்படி ஏறி, பின்னறைக்குள் போயிற்று. அவளும் பின்னாலேயே போனாள். கோட்டின் வலது கையில் தோல் தெரியவில்லை. எறும்புதான் தெரிந்தது.

பலவேசத்தை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கருப்பட்டி போட்டு ஆட்டுன எண்ணெய்னு நான் சொன்னா எவன் நம்புதான்? எறும்பு நம்புது பாரு சொர்ணம். இதவிட ஒரு சர்ட்டிபிகேட் வேணுமா நமக்கு?”

“பேசுறதுக்கு நேரம் பாத்தீக. பிள்ளை முழிக்கதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க.”

“மொட்டைமாடியில போடு. வெயில்ல எண்ணெய் இறங்கிரும்.”

“அப்பளமா இருந்தது கருவாடாப் போயிரும். வேற சொல்லுங்க.”

“அப்ப, பூனை எண்ணெயைத் தட்டிவிட்டுருச்சுன்னு சொல்லிரு.”

“நம்ம வீட்டுல பூனை ஏது?”

“வேல்விழி வீட்டுப் பூனை.”

கறுப்பு எறும்பு சாமி எறும்பு. அடிக்க மனம் வராது. சொர்ணலட்சுமி ஒரு மெல்லிய துணியால் அவற்றை ஒதுக்கி ஒதுக்கிக் கொல்லைப் பக்கம் விட்டாள். எறும்பு போயிற்று, கறை போகவில்லை. கோட்டு இப்போது பாதி ரஸ்க்கும் பாதி டிக்காஷனுமாக இருந்தது. ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் வேறொருவர் போட்டுக்கொண்டது போல.

குளித்துவிட்டுப் பூஜை அறையில் போய் நின்றாள். ‘தாயே, அந்தப் பிள்ளைக்கு அப்பான்னு மிஞ்சினது இந்த ஒண்ணுதான். அதையும் நான் கெடுத்துப்புட்டேன்’ என்று முறையிட்டாள். பூனைக் கதையை ஒருதரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எதிரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் நின்று எரிவதும் அதே நல்லெண்ணெய்தான். எண்ணெய் மேல் குற்றமில்லை. அந்த விளக்குக்கு முன்னால் பூனை வாய்க்கு வரவில்லை.

காப்பியும் கோட்டுமாகப் போய் மருமகள் முன்னால் நின்றாள்.

“தாயி, நான் ஒரு காரியம் பண்ணிப்புட்டேன்” என்று தொடங்கி, எண்ணெய் காய்ச்சியதிலிருந்து எறும்பு வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

ஸ்ரீமதி கோட்டை வாங்கிக் கறுத்திருந்த கையைத் தடவிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள். அதுதான் சொர்ணலட்சுமிக்கு அதிகமாக வலித்தது. அடுப்பில் இட்லிச் சட்டி தண்ணீர் வற்றிக் கருகிய வாடை வந்தும் அவள் அசையவில்லை.

“கோட்டுக்கு ஒண்ணும் ஆகல சொர்ணம், உள்ள போய் அடுப்பப் பாரு” என்று பலவேசம் மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை.

கதவு திறந்தது. ஸ்ரீமதியின் கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

“அத்தை, எண்ணெய் தேச்சுக் குளிங்கன்னு சொன்னா எங்கப்பா கம்பெனிப் பக்கம் ஓடிருவாரு. தீவாளிக்குத் தீவாளி எங்கம்மா கிண்ணத்தோட விரட்டிக்கிட்டே போவாக. ஒருதரங்கூடப் பிடிச்சதில்ல. கடைசியில நீங்க பிடிச்சுட்டீக.”

சொர்ணலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

“தெரியாமச் செஞ்சிட்டேன்த்தா.”

“சரி விடுங்க. அடுத்த தடவை என்னையும் கூப்பிடுங்க, சேந்து தேய்ப்போம். இப்ப சோளமாவு இருக்கா?”

எண்ணெய் பட்ட இடமெல்லாம் சோளமாவைக் கனமாகத் தூவி வைத்தார்கள். மாலையில் தட்டிவிட்டு மறுபடியும் தூவினார்கள். மாவு எண்ணெயை இழுத்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பிசுபிசுப்பு போனபின், பிழிந்த ஈரத்துணியால் இனிப்பு போகத் துடைத்து, வெயில் படாத நடைக்கூடத்தில் காற்றாட மாட்டினார்கள். எறும்பு வருகிறதா என்று பலவேசம் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தார். வரவில்லை. ஆனால் கறுப்பு அப்படியே இருந்தது.

மதுரையில் தோல் பையும் பெல்ட்டும் விற்கிற இசைவாணி, ஸ்ரீமதியோடு கல்லூரியில் படித்தவள். அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

“நல்லெண்ணெயா? இட்லிப் பொடியும் போட்டீங்களா ஸ்ரீ?” என்று அவள் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“என் மாமியா பக்கத்துலதான் இருக்காக. பாத்துப் பேசு.”

“ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா. மாவு போட்டு இழுத்தது நல்லதாப் போச்சு. சமையல் எண்ணெய் தோலுக்குள்ளயே கிடந்தா நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். இப்ப என்ன போடலாம்னா, வெள்ளை க்ரீம் ஒண்ணு இருக்கு. தோல் மெத்துன்னு ஆகும், நிறம் மாறாது. எல்லாரும் கேட்டு வாங்குறது அதுதான்.”

“நிறம் மாறாதுன்னா, வெளுத்த பக்கம் வெளுப்பாவே இருக்கும். கறுத்த பக்கம் கறுப்பாவே இருக்கும்” என்றாள் ஸ்ரீமதி.

“ஆமா. அத ஒண்ணும் செய்ய முடியாது. இன்னொரு டப்பா இருக்கு, தேன்மெழுகும் ஆட்டு ரோமத்துல எடுக்குற பசையும் கலந்தது. வெடிப்புக்கு அதுதான் ரொம்ப நல்லது. ஆனா நான் யாருக்கும் குடுக்குறதில்லடி. தோலக் கறுக்க வச்சிரும். வாங்குனவங்க அத்தன பேரும் சண்டைக்கு வந்துட்டாங்க.”

சொர்ணலட்சுமி நிமிர்ந்தாள். மருமகளைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.

“ஏத்தா இசைவாணி, எம்புட்டுக் கறுக்கும்? நல்லெண்ணெய் அளவுக்குக் கறுக்குமா?”

“கறுக்கும்மா... நல்லாவே கறுக்கும்.”

“அப்ப அந்தச் சண்டைக்கார டப்பாவையே அனுப்பி வையி. ஆட்டை ஒண்ணும் செய்யறதில்லையே?”

“ரோமத்தக் கழுவி எடுக்குறதுதான்மா.”

“அப்பச் சரி.”

“கோட்டே தோலுதான், இவ ஆட்டுக்கு நியாயம் கேக்கா” என்றார் பலவேசம், யாரிடமும் என்றில்லாமல்.

டப்பா மறுநாளே பஸ்ஸில் வந்தது. முதலில் காலருக்கு அடியில் வெளியே தெரியாத இடத்தில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று இசைவாணி கண்டித்துச் சொல்லியிருந்தாள். காலரைத் தூக்கினால் அங்கே முன்னமே கறுப்பாகத்தான் இருந்தது. வருஷக்கணக்கான அழுக்கு என்று நினைத்துத் துடைத்தார்கள். துணியில் ஒன்றும் வரவில்லை. சரியென்று உள்மடிப்பில் ஓர் ஓரத்தில் தடவிவிட்டு ராத்திரி முழுக்க விட்டார்கள். காலையில் பார்த்தால், எண்ணெய்ப் பக்கத்தின் கறுப்புக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து, வெளுத்த பக்கம் முழுவதும் தடவினார்கள். மிளகளவு எடுத்து, விரல்சூட்டில் உருக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார்கள். சொர்ணலட்சுமியின் கை பழக்கதோஷத்தில் டப்பாவுக்குள் ஆழமாகப் போகும்போதெல்லாம் ஸ்ரீமதி அதை மெல்லப் பிடித்து வெளியே எடுத்தாள்.

“அத்தை, இது தலை இல்ல.”

“நீ சும்மா இருத்தா, உங்கப்பா ஓடிரப்போறாரு, பிடிச்சுக்கோ.”

அன்றைக்கு ஸ்ரீமதி தன் அப்பாவைப் பற்றி நிறையப் பேசினாள். அவருக்கு வெடிச்சத்தம் என்றால் பயம் என்றும், கம்பிமத்தாப்பு மட்டுந்தான் கொளுத்துவார் என்றும் சொன்னாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இப்படிப் பேசி சொர்ணலட்சுமி கேட்டதில்லை. பொங்கலன்று கோட்டு முழுக்க ஒரே நிறத்தில், மடக்கினால் சத்தமில்லாமல் மடங்கி, ஆணியில் தொங்கியது. சொர்ணலட்சுமி அதற்கும் ஒரு பொட்டு விபூதி வைத்துவிட்டாள், உள்பக்கமாக.

மார்கழி முழுக்கக் காலண்டர் அச்சகமே கதியென்று கிடந்து, கடைசி லோடு ஏற்றிவிட்டு வந்த மகன் தருண்குமார்தான் பெண்டாட்டியை ரயிலேற்றிவிட்டான். மூன்றாம் நாள் பகலில் போன் வந்தது. வீடியோவில் ஸ்ரீமதி கோட்டோடு தெரிந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. பக்கத்தில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் அவள் கோட்டுக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டாரா?” என்று கேட்டாள் சொர்ணலட்சுமி. கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் தெருமுனையில வரும்போதே எந்திரிச்சு நின்னுட்டாரு அத்தை. ராஜபாண்டியன் மகளான்னு அவரேதான் கேட்டாரு. நான் கோட்டுக் கறுத்துப்போன கதையச் சொன்னேன். அதுக்கு அவரு...” அவள் கோட்டின் முன்பக்கத்தைத் திரைக்கு அருகே பிடித்துக் காட்டினாள். “நான் குடுத்த அன்னைக்கு இது இந்த நிறந்தான்மா இருந்துச்சுங்காரு. வருஷம் போகப் போகத்தான் வெளுத்துச்சாம். எங்கப்பாகிட்ட அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்காராம், அதுக்கு ஏதாவது போடுய்யான்னு. அப்பா கேக்கவே இல்லையாம். இப்ப யாரு போட்டாங்கன்னு பெரியவரு கேக்காரு.”

காலருக்கு அடியிலிருந்த அந்தக் கறுப்பு சொர்ணலட்சுமிக்கு நினைவு வந்தது. பெரியவர் திரையைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ சொன்னார். அவளுக்குப் பாஷை புரியவில்லை. அவளும் கைகூப்பினாள்.

போனை வைத்ததும் பலவேசம் தொண்டையைச் செருமினார்.

“நம்ம எண்ணெய அவருக்கு ஒரு டின்னு அனுப்பலாமா?”

“அனுப்புங்க” என்றாள் சொர்ணலட்சுமி. “எதுக்குப் போடணும்னு மட்டும் டின்னு மேல எழுதி அனுப்புங்க.”

எழுந்து போய் விளக்கைத் தூண்டி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள். ஜன்னலோரத்தில் ஓர் எறும்பு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு சிட்டிகை அரிசிக் கோலமாவைத் தூவிவிட்டு வந்தாள்.