எடைக்குப் போகாத பத்திரிகை

‘இருகண்’ பத்திரிகையின் பங்குனி இதழ் அச்சாகி வந்த அன்று, கட்டைப் பிரித்ததும் பிரதிகள் எல்லாம் எழும்பி, மயிலாப்பூர் அலுவலகத்தின் கூரையில் போய் ஒட்டிக்கொண்டன. துணை ஆசிரியர் மதுமதி முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மாங்காய் பறிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பறித்து முகவரி ஒட்டினாள். பறந்தால் என்ன, சந்தாதாரருக்குப் போக வேண்டியது போகத்தானே வேண்டும்.

மதமும் அறிவியலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரிய வேண்டாம் என்று சொல்வதற்காகவே பத்ரிநாராயணனும் ஹபீபுர் ரஹ்மானும் தொடங்கிய பத்திரிகை அது. முன்னவர் கேசவப் பெருமாளைச் சேவிக்காமல் காபியைத் தொடமாட்டார். பின்னவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். நிரூபணம் கேட்காமல் எதையும் நம்பமாட்டார். இருவரும் கையெழுத்திடாத ஒரு வரிகூட அச்சேறாது என்பது முதல் நாள் போட்ட விதி. அந்த விதியோடு இருவரும் நகமும் சதையுமாக இருக்க, வருடங்கள் ஓடின.

வினை இப்போது வந்தது. இதழ் ஏன் பறக்கிறது என்று சித்திரை இதழில் ஒரு வரி எழுதித் தரும்படி மதுமதி கேட்டாள்.

“மையில ஏதோ வாயு கலந்துண்டிருக்கு. சோதிச்சுப் பாருடா ரஹ்மான்” என்றார் பத்ரி.

“எல்லாம் சோதிச்சாச்சு பத்ரி. இது ஆண்டவன் வேலை” என்றார் ரஹ்மான்.

இத்தனை வருடம் ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துப் படித்து, ஆளுக்கு ஆள் கட்சி மாறியிருந்தார்கள். அது புரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள், கையெழுத்தும் விழவில்லை. மதுமதிக்கு அழுகையே வந்துவிட்டது. சித்திரை இதழ் நின்றால் பத்திரிகை நிற்கும். இந்த இரண்டு பேரும் இனி ஒரே மேசையில் உட்காரமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் செந்தில்குமார் வந்தார். “இன்னா மேடம் இது, பையி என்னயே மேல தூக்கிகினு போவுது. கேக்கறவங்களுக்கு இன்னா சொல்றது?”

“ஏன்னு எங்களுக்கே தெரியலைன்னு சொல்லுங்க” என்றாள் மதுமதி எரிச்சலோடு.

பத்ரி நிமிர்ந்தார். “அதுல பொய் ஒண்ணும் இல்லையேடா.”

“இல்லதான்” என்ற ரஹ்மான் பேனாவைத் திறந்தார்.

‘ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை’ என்ற ஒரே வரி, இரண்டு கையெழுத்தோடு அச்சானது. அந்த இதழ் இன்னும் உற்சாகமாகப் பறந்தது. சந்தோஷம் தாங்காமல் மதுமதி எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கித் தந்தாள்.

இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் லிஃப்ட் ஓடாத கட்டடங்களில் செந்தில்குமார் படியேறுவதில்லை. கீழே நின்று பெயரைச் சொல்லி இதழைக் கையிலிருந்து விடுகிறார். மேலே ஜன்னல் திறக்கிறது. பழைய பேப்பர் கடைக்காரர்கள் மட்டும் ‘இருகண்’ணைத் தொடுவதில்லை, தராசில் நிற்கவில்லையாம். அதனால் வாங்கியவர் யாரும் இதுவரை அதை எடைக்குப் போட்டதில்லை.