முள் எடுக்கும் கை

எங்கள் வீட்டுப் போரில் ஜெயித்தது யார் என்று ஹாரன் அண்ணனைக் கேட்டால் மீன் என்பார். அண்ணியைக் கேட்டால் கடவுள் என்பார். இரண்டு பேரையும் நம்பாதீர்கள். நடந்ததைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றபோதும் பார்த்தேன்.

முதலில் மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய அலுவலகம் ஒன்றை இடித்தபோது என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கி, ஆள் வைத்து மாடி ஏற்றிக் கொண்டுவந்த மேஜை அது. வாசலில் நிறுத்திய பிறகுதான் கதவு சின்னது என்று தெரிந்தது. இவருக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் உள்ள மூக்கையெல்லாம் அளந்து கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷனுக்குச் சொந்த வீட்டுக் கதவை அளக்கத் தெரியவில்லை. நான் சொல்லாமல் விடுவேனா? இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எதிர் வாசல் இவருடைய அக்காவின் வீடு. எனக்கு அண்ணி. மேஜை இரண்டு வாசலுக்கும் நடுவே நடையிலேயே நின்றுவிட்டதால் அதுவே இரண்டு வீட்டுக்கும் சாப்பாட்டு மேஜை ஆகிவிட்டது. சாயங்காலம் கடை சாத்தியதும் இரண்டு கதவும் திறக்கும். அண்ணி முட்டையைக்கூடத் தொடமாட்டார். அந்தக் கதவிலிருந்து கீரை, பருப்பு, காய் எல்லாம் வரும். இந்தக் கதவிலிருந்து முட்டை, கோழி, மீன் வரும். சோறு மட்டும் ஒரே பானை, அது நடுவில் இருக்கும். அந்தப் பக்கத்துக் கரண்டி இந்தப் பக்கம் வராது, இந்தப் பக்கத்துக் கரண்டி அந்தப் பக்கம் போகாது. அண்ணியின் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு பக்கமும் கை எட்டுகிற மாதிரி நடுவில் உட்கார்ந்துகொள்வார். பஸ் ஓட்டுகிறவர். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசினாலே கீழ்வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அதனால்தான் ஹாரன் அண்ணன்.

நான் பிறந்து வளர்ந்தது சைவ வீட்டில். கல்யாணம் ஆன புதிதில் மீன் வாடை அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். அப்புறம் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன், அதற்கு அப்புறம் குழம்பு தீர்ந்துபோனால் சண்டை போடவும் கற்றுக்கொண்டேன். முள் எடுக்க மட்டும் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. இவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். கண்ணுக்கே தெரியாத திருகாணியைக் கண்ணாடிச் சட்டத்தில் போடுகிற விரல்கள். யாரோடோ பேசிக்கொண்டே மீனைப் பிரிப்பார், முள் ஒரு பக்கம் போகும், சதை என் தட்டின் ஓரத்துக்கு வரும். என்னைப் பார்க்கக்கூட மாட்டார். நானும் தட்டைப் பார்க்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். எங்களுக்குள் கொஞ்சல், குலாவல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. இதுதான் இருந்தது.

ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் பிரஷைப் பிடிக்க முடியாமல் நின்றார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். குழறிய பேச்சு சீக்கிரம் திரும்பியது. கால், தடி ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் மேஜையில் அவருடைய இடத்தில் உட்காரவைத்தோம். சோற்றை அள்ளினார், வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில், பாதி மேஜையில். அண்ணி பார்க்காத மாதிரி பார்த்தார். ஹாரன் அண்ணன் சத்தமாக ஏதோ பஸ் கதை சொன்னார். இவர் எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சிந்துது. எல்லார் முன்னாடியும் சின்னப் பிள்ளை மாதிரி சிந்திச் சாப்பிட என்னால முடியாது. கதவைச் சாத்து."

சாத்தினேன். அன்றிலிருந்து சாயங்காலம் எங்கள் கதவு மூடியே இருந்தது. சோற்றையும் பருப்பையும் குழையப் பிசைந்து உள்ளே கொண்டுபோய் ஊட்டுவேன். மருந்து குடிக்கிற மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பார். கடையை நான் பார்த்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பேன், திருகாணி வேலை வந்தால் நாளைக்கு வாருங்கள் என்பேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. மீன் வாங்குவதை நிறுத்திவிட்டேன். யார் முள் எடுப்பது? ஹாரன் அண்ணன் தினமும் கீரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பிட்டார். நான் அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய் என்று நின்றுகொண்டே தின்றேன். எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் பொய். முதலில் கோபம்தான் வந்தது, அழுகை பாத்திரம் கழுவும்போது வந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நான் ஊட்டுவதை ஒருநாள் பார்த்துவிட்டாள். பிடி பிடி என்று பிடித்துவிட்டாள், இவரையல்ல, என்னை. நீங்கள் ஊட்டினால் கை எதற்கு வேலை செய்யும், அதற்குத்தான் சம்பளமில்லாத ஆள் கிடைத்துவிட்டதே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயமான பேச்சு. அன்றோடு ஊட்டுவதை நிறுத்தினேன். இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், நானும் என் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பசி இரண்டு மூஞ்சியையும் இறக்கிவைத்தது.

வேகவைத்த பட்டாணியில் ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். பட்டாணி கட்டிலுக்கு அடியில் எல்லாம் உருண்டது. பெருக்கப்போனால் எனக்குத் திட்டு விழும். பிறகு பீன்ஸ், பிறகு பிசைந்த சோறு. அவித்த முட்டையை உரிக்கப்போய் ஓட்டோடு பாதி முட்டையையும் உரித்துப் போட்டார், போகப் போக முழு முட்டை வெளியே வந்தது. கடைசியில் கோழித்துண்டை எலும்பிலிருந்து பிய்த்துத் தின்றார். கை திரும்பி வந்துகொண்டிருந்தது, ஆள்தான் திரும்பி வரவில்லை. கதவைத் திறக்கலாமா என்றால் இன்னும் சிந்துது என்பார்.

ஹாரன் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் கதவுக்கு நேரே உட்கார்ந்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லி, இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக் காட்டினார். சிந்தினால் மானம் போய்விடாது என்று நிரூபிக்கிறாராம். சட்டை முழுக்கக் குழம்பு. அண்ணி தலையில் அடித்துக்கொண்டார், நான் சிரித்து மூச்சு வாங்கினேன். உள்ளே இவரும் சிரித்த சத்தம் கேட்டது. ஆனால் ஆள் கட்டிலை விட்டு அசையவில்லை.

சரி, தலைகீழாக நின்றாலும் பேச்சால் ஆகாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மறுநாள் ஹாரன் அண்ணன் வண்டியை விட்டு இறங்கி வரும்போது மீன் வாங்கி வந்தார். வாங்கியது எது தெரியுமா? உடம்பெல்லாம் முள், ருசி சொல்லி மாளாது, அந்த ஜாதி மீன். இவருக்கு உயிர். நான் எதுவும் கேட்கவில்லை. புளி கரைத்தேன், குழம்பு கொதித்தது, நான்கு துண்டைப் பொரித்தேன். வாசனை மூன்று மாடிக்கும் போயிருக்கும். கதவை முழுக்கத் திறந்துவைத்து, அவர் கட்டிலைப் பார்த்து என் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்குத் தட்டு மேஜைல இருக்கு. உள்ள வராது. நான் சாப்பிடப் போறேன்" என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மீனை எடுத்துப் போட்டுக்கொண்டு நானே பிரிக்க ஆரம்பித்தேன். என்ன பெரிய வித்தை, எனக்குக் கை இல்லையா என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஒரு வாய் போட்டேன். இரண்டாவது வாயில் பேச்சு நின்றது.

தொண்டையில் குறுக்கே நின்றது முள். இருமினேன், ஏறியது. விழுங்கினேன், குத்தியது. அண்ணி எழுந்து முதுகில் அறைய ஆரம்பித்தார். ஹாரன் அண்ணன் தண்ணீர் தண்ணீர் என்று கத்திவிட்டு, தண்ணீர் எதிரிலேயே இருக்க, வாழைப்பழம் தேடி அவர்கள் வீட்டுக்குள் ஓடினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதன் வழியாகத்தான் பார்த்தேன்.

இவர் வந்துகொண்டிருந்தார். தடி இல்லை. கட்டில், சுவர், கதவு என்று இடது கையால் பிடித்துப் பிடித்து வந்தார். அவருடைய நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நடுவில் இருந்த சோற்றுப் பானைக்குள் கையை விட்டார். வலது கை. ஒரு பிடி சோற்றை எடுத்து உருட்டினார், உதிர்ந்து மேஜையெல்லாம் கொட்டியது. அதை அவர் பார்க்கவே இல்லை. இன்னொரு பிடி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார், விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. உருண்டை என்று சொல்ல முடியாது, கோணல்மாணலாக ஒரு கட்டி. ஆனால் உதிரவில்லை. அந்தக் கையாலேயே என் வாயில் திணித்தார்.

"மெல்லாத. அப்படியே முழுங்கு."

முழுங்கினேன். முள் போய்விட்டது.

ஹாரன் அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றார். மேஜை முழுக்கச் சோறு சிந்திக் கிடந்தது. அதற்கு நடுவே இவர், அவருடைய இடத்தில், கை நிறையப் பருக்கையோடு உட்கார்ந்திருந்தார். கையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். முகம் சுருங்குவது தெரிந்தது. இப்போது எழுந்துபோனால் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தொண்டை எரிந்தது. இருந்தாலும் வாயை மூடி எனக்குப் பழக்கமில்லை.

"பேசிக்கிட்டே மீன் சாப்பிடாதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்று அவரே முந்திக்கொண்டார்.

நான் என் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். "அப்ப நீங்களே எடுத்துக் குடுங்க. எனக்கு இன்னும் பசி ஆறல."

அவர் தட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை மீன்மேல் வைத்தார். இடது கை நாற்காலியைப் பிடித்திருந்தது, விட்டால் சாய்ந்துவிடுவார். பிடிக்க ஆள் இல்லாத தட்டு மேஜையில் வழுக்கி வழுக்கிப் போனது. மீன் விரலுக்குத் தப்பி ஓடியது. ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அண்ணியின் கை. மேஜை வந்த நாள் முதல் அந்தக் கை எங்கள் பக்கம் வந்ததில்லை. குழம்பு விரலில் பட்டது. அண்ணி கையை எடுக்கவில்லை.

"நான் புடிச்சிக்கிறேன். நீ எடுடா தம்பி" என்றார்.

எடுத்தார். முதலில் நடு முள், பாதியில் முறிந்தது. முறிந்ததைத் தேடி எடுத்தார். பிறகு ஓரத்து முட்கள், மயிரிழை மாதிரி. விரல் நடுங்கியது, நின்று நிதானித்து மறுபடி போனது. நெற்றியில் வேர்வை. குழம்பு ஆறிப்போய் ஏடு கட்டியது. ஹாரன் அண்ணன் வாழைப்பழத்தைக் கீழே வைக்கவும் மறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போடாமல் நின்றார். தட்டின் ஒரு பக்கத்தில் முட்கள் சேர்ந்தன. கடைசியில் ஒரு துண்டு சதை, உரு குலைந்து, விரல் விரலாகத் தடம் பதிந்து, என் தட்டின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை இவர் என்னைப் பார்த்தார்.

"ஒரு தடவ பாத்துட்டுப் போடும்மா. இப்பத்தான் தப்பிச்ச" என்றார் ஹாரன் அண்ணன், மெதுவாக. கீழ்வீட்டில் கதவு திறந்தது.

நான் பார்க்கவில்லை. விரலால் நசுக்கிப் பார்க்கவில்லை. இவர் எடுத்துக் கொடுத்த மீனை நான் என்றைக்குப் பார்த்திருக்கிறேன்? அப்படியே எடுத்து வாயில் போட்டு, நன்றாக மென்று, மூன்று பேரும் பார்க்க முழுங்கினேன்.

முள் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஆறிப்போன, உதிர்ந்த, நசுங்கிய மீன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை. சிரித்தேனா அழுதேனா என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டும்தான். அண்ணி இவர் தலையைத் தடவிக் கொடுத்தார், மீன் குழம்புக் கையோடு.

ஹாரன் அண்ணன் வாழைப்பழத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தன் தட்டை எடுத்தார். அவருக்கு முள் எடுக்க நன்றாகத் தெரியும். அந்த மீனை முள்ளோடு மென்று தின்கிற ஆள் அவர். தட்டை நகர்த்தி நகர்த்தி இவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"மாப்ள, எனக்கும்."

இவர் நிமிர்ந்தார். சட்டையில் சோறு, மீசையில் சோறு. எத்தனையோ நாளுக்கு அப்புறம் கடையில் கூட்டம் சேரும்போது போடுகிற அந்த அதட்டலைக் கேட்டேன்.

"மாமா, வரிசைல வாங்க. அவ இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.