கையால் வரைந்த பால்கனி டிக்கெட்

அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துவைத்தது ஒரு போலி டிக்கெட்.

அப்போது அப்பா கடைப் பலகைகளுக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்தார். சினிமாவில் அவருக்குக் கதை பெரிதில்லை. ஆரம்பத்தில் பெயர் போடுவார்களே, அந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும். முன்வரிசையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எழுத்து கோணலாகத் தெரியும். பால்கனி டிக்கெட் வாங்கக் கையில் காசு இருக்காது. அதனால் மஞ்சள் தாளில் பால்கனி டிக்கெட்டை, தியேட்டர் முத்திரையோடு, தானே வரைந்துகொள்வார். பெயர் ஓடி முடிந்ததும் எழுந்து போய்விடுவதால் மாட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் படம் பிடித்துப்போய் உட்கார்ந்துவிட்டார். தாமதமாக வந்த ஒரு பெரியவர் அது தன் இருக்கை என்றார். இரண்டு டிக்கெட்டிலும் ஒரே எண். விஷயம் மேனேஜர் அறைக்குப் போயிற்று.

கவுன்ட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். கையில் வாங்கியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மை விரலில் ஒட்டியது. எதிரே அப்பா பெயின்ட் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் சார் நம்பரை மாத்தி எழுதிட்டேன்,” என்றாள் அம்மா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெரியாதாம். மேனேஜர் அவளைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்து, சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கப் போட்டார். அவள் வெயிலில் நிற்பதைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தாங்கவில்லை. நேரே மேனேஜரிடம் போனார்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். டிக்கெட் நான் வரைஞ்சது.”

மேனேஜர் போலீஸ் என்று குதித்தார். பிறகு, இடைவேளையில் காட்டும் விளம்பர ஸ்லைடுகளைக் கூலியில்லாமல் எழுதித் தரச் சொல்லி விட்டுவிட்டார். அம்மா கவுன்ட்டருக்குத் திரும்பினாள். ஸ்லைடு எழுதிய கண்ணாடித் துண்டுகளைக் காயவைக்க அந்தக் கவுன்ட்டர் ஜன்னலைவிட்டால் அப்பாவுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையாம்.

எனக்காக எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று அங்கேதான் கேட்டிருக்கிறார்.

“உங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு,” என்றாளாம் அம்மா. “பாவமா போச்சு.”

போன மாதம் சோபா வாங்க மூன்று பேரும் போனோம். அந்தத் தியேட்டர் இப்போது மரச்சாமான் கடை. மெத்தைகளை அடுக்கியிருந்த இடத்தில்தான் திரை இருந்தது என்றார் அப்பா. இன்னும் இடதுபக்கம் என்றாள் அம்மா. பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு. கொஞ்ச நேரம் தர்க்கம் பண்ணிவிட்டு, ஒரு சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலை சொல்ல விற்பனைப் பெண் வந்தாள். கொஞ்சம் பொறும்மா என்று அவளுக்கு ஜாடை காட்டினேன்.