மார்த்தாவாக இருந்தவர்கள்

வியாழக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, இத்தாலியின் பாரி நகரத்துப் பெண்மணி ஒருவரிடம் மின்கட்டணத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் குரல் நின்றுபோனது. திங்கட்கிழமையிலிருந்தே கரகரப்புதான். மலைத் தேநீரும் தேனுமாக மூன்று நாள் இழுத்துப் பிடித்திருந்தேன். இப்போது வாய் அசைந்தது, காற்று வந்தது, சொல் வரவில்லை. என் வீட்டில் யாரோ தூங்குகிறார்கள், அதனால்தான் குசுகுசுக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவரும் குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கு வேண்டாம்மா, நீ போய்ப் புள்ளையப் பாரு" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் போனை வைத்தார்.

வைத்த மூன்றாவது நொடியில் அடுத்த அழைப்பு காதுக்குள் விழுந்தது. எங்கள் இயந்திரம் அப்படி. நாங்கள் எண்ணைச் சுழற்ற வேண்டியதில்லை, அதுவே இத்தாலியில் ஏதோ ஒரு வீட்டைத் தட்டி எழுப்பி எங்கள் காதில் போட்டுவிடும். மூச்சு விட்டுக்கொள்ள மூன்று நொடி. கழிப்பறைக்கு ஏழு நிமிடம். இத்தாலிக்குக் கடல் கடந்து இந்தப் பக்கம், எங்கள் ஊர் திரானாவில் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், அறுபது பேர் காலையிலிருந்து மாலைவரை மிலானிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிப் பேசுவோம். எல்லோருக்கும் நிறுவனம் ஆளுக்கொரு இத்தாலியப் பெயர் கொடுத்திருந்தது. எட்லெவா என்ற நான் அங்கே மார்த்தா.

அந்த இரண்டாவது அழைப்பில் ஒரு கிழவர் என் வெறும் மூச்சைக் கேட்டுவிட்டு, இந்த வயதில் எனக்கா இப்படியெல்லாம் போன் செய்கிறாய், வெட்கமாக இல்லையா என்று திட்டினார். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். நான்காவது, ஐந்தாவது. ஏழாவதில் நான் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

வாரத்துக்கு இருபத்தைந்து ஒப்பந்தம் என்பது கணக்கு. அடுத்தடுத்து இரண்டு வாரம் குறைந்தால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று செய்தி வந்துவிடும். முந்தின வாரம் நான் பத்தொன்பதோடு நின்றிருந்தேன். என் கணவர் பெத்ரித் கட்டட வேலைச் சாரத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்து இரண்டு வருடமாகிறது. அந்த வாரம் அவரை இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. இந்த வாரம் புதன் மாலைவரை பன்னிரண்டு. இதற்கு முன் பத்து வருடம் செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தேன். அங்கே விரலில் ஊசி ஏறினால் துணியைச் சுற்றிக்கொண்டு தைக்கலாம். தொண்டையில் எதைச் சுற்றுவது? இங்கே குரல்தான் கை. அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

எர்கிஸ் வந்தான். எங்கள் குழுத்தலைவன். இருபத்தொன்பது வயது, வெள்ளைச் சட்டை. அரை மணிக்கொரு தரம் பலகையில் எங்கள் எண்களை அழித்து எழுதுவான், கீழே இருப்பவர்களின் பெயரைச் சத்தமாக வாசிப்பான். முந்தின நாள் மாலை பார்த்த டாக்டர் ஐந்து நாள் பேசக்கூடாது என்று சொல்லியிருப்பதாகத் தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினான். பிறகு, நாலு வரிசைக்கும் சேர்த்து அவனுக்கும் ஒரு எண் இருப்பதாகவும், இதைத் தாளில் எழுதி அவனால் மேலே கொடுக்க முடியாது என்றும் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பையை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது யாரோ என் நாற்காலியை உருட்டிப் பின்னால் இழுத்தார்கள். பக்கத்து இருக்கை ஜெசிகா. இருபத்திரண்டு வயது. எங்கள் மாடியிலேயே வேகமான நாக்கு அவளுடையது. அந்த வார எண்ணை வியாழன் காலையிலேயே முடித்துவிட்டிருந்தாள். இனிமேல் அவள் பிடிப்பதெல்லாம் மேல்காசு, ஒவ்வொன்றுக்கும் தனியாக.

"தள்ளு அக்கா. இன்னிக்கு நான்தான் மார்த்தா."

நான் தலையை வேகமாக ஆட்டினேன். இன்னொருவர் இடத்தில் உட்கார்ந்து பேசினால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அவள் அதற்குள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, தேனில் தோய்த்த குரலில், நான் மார்த்தா பேசுகிறேன் என்று யாரிடமோ இத்தாலியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் மதியம்வரை மார்த்தாவாக இருந்தாள். பிறகு பின்வரிசை அக்கா தங்கை இருவரும் தங்கள் சாப்பாட்டு நேரத்தில் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்களோடு நான் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. வேறொருத்தி மட்டும், எனக்கே இந்த வாரம் எட்டாது எட்லெவா, மன்னிச்சுக்கோ என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவளும் பாவம், சொல்லியிருக்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை முன்வரிசையிலிருந்து லாவ்டிம் வந்தார். ஐம்பத்து மூன்று வயது. கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்தவர். பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போன்ற குரல்.

"நீங்க எப்படிண்ணே மார்த்தாவா பேசுவீங்க?" என்றாள் ஜெசிகா.

"நான் எங்க மார்த்தான்னு சொல்லப்போறேன்? மார்த்தாவோட மேசையிலேருந்து பேசறேன்னு சொல்லுவேன். அதுல என்ன பொய் இருக்கு?"

அப்படிச் சொல்லியே அவர் இரண்டு ஒப்பந்தம் முடித்தார். நான் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், விலாசங்களைத் தட்டச்சு செய்தேன். எட்டு மாதம் இந்த மனிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எண் ஏறினால் என் பெயர் கீழே இறங்கும் என்பதைத் தவிர அவர்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவர்களுடைய குரல்கள் எனக்கு இரைச்சல், அதற்கு மேல் என் குரலை உயர்த்திப் பேசித்தான் தொண்டையே போனது. இப்போது அந்த இரைச்சல் என் பெயரில், இல்லை, மார்த்தாவின் பெயரில் பேசிக்கொண்டிருந்தது. வெள்ளி மாலை கடைசி அரை மணி மறுபடி ஜெசிகா வந்து உட்கார்ந்தாள். ஐந்தரைக்குப் பலகையில் என் பெயருக்கு எதிரே இருபத்தைந்து. எர்கிஸ் அதை எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனான்.

திங்கட்கிழமை காலை கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

அங்கே இருப்பவர் வால்டெதே. எங்கள் பேச்சுப் பதிவுகளையெல்லாம் கேட்பது அவர் வேலை. இல்லாத தள்ளுபடியை இருக்கிறது என்று சொன்னதற்காகப் போன வசந்தத்தில் மூன்று பேரை ஒரே நாளில் அனுப்பியவர். அவரோடு யாரும் காபி குடித்து நான் பார்த்ததில்லை. என்னை உட்காரச் சொன்னார். காதுக்கருவியின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டி, மறுபக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு, பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். ஜெசிகாவின் தேன் குரல். பின்வரிசைத் தங்கை, அவளுடைய மூக்கடைத்த சிரிப்பு. கடைசியில் லாவ்டிம், பீப்பாய்க்குள்ளிருந்து, மார்த்தாவின் மேசையிலிருந்து பேசுவதாக. வால்டெதே சிரிக்கவில்லை.

"இதுல எது நீ?"

எதுவுமில்லை என்று தலையாட்டினேன். ஜெசிகா அந்த வேலையில்தான் தம்பியைப் படிக்கவைக்கிறாள். லாவ்டிமை அந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள்? குரல் பாதி திரும்பியிருந்தது. அதைக் கொண்டு, "அவங்கள விட்டுடுங்க அக்கா. நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்" என்றேன்.

"நாள் பூரா இங்க உக்காந்து பொய்யதான் கேட்டுட்டிருக்கேன். நீ வேற ஒண்ணு சேக்காத."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிமூன்றையும் இரண்டு தடவை கேட்டுவிட்டதாகச் சொன்னார். விலையை யாரும் குறைத்துச் சொல்லவில்லை, வயதானவர்களை யாரும் அவசரப்படுத்தவில்லை, புரியவில்லை என்றவர்களுக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

"பேரு மட்டும்தான் பொய். அந்தப் பொய்யக் குடுத்தது கம்பெனி. அதுக்கு நான் யாரையும் அனுப்ப முடியாது."

நான் மூச்சு விடுவதற்குள் அவர் ஒரு விரலைத் தூக்கினார். ஒன்று மட்டும் சரியில்லை. ஜெசிகா வெள்ளிக்கிழமை கடைசி நிமிடத்தில், தரந்தோ நகரத்து மூதாட்டி ஒருவரிடம், இந்த விலை எப்போதும் ஏறாது என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்குத்தான் ஏறாது. அதை நான் அழிக்கிறேன் என்றார். அழித்தால் இருபத்துநான்கு. இருபத்துநான்குக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த போனை என் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாவைக் கூப்பிடு, உண்மையைச் சொல்லு, அதற்கப்புறமும் சரி என்றால் இருக்கட்டும், வேண்டாம் என்றால் அழிந்துபோகட்டும் என்றார். இதுவும் பதிவாகும் என்பதையும் சொன்னார்.

நாலாவது மணியில் அந்த மூதாட்டியே எடுத்தார். சிஞ்ஞோரா பீனா. நான் மார்த்தா என்றேன்.

"என்ன ஆச்சு உனக்கு? வெள்ளிக்கிழம கிளி மாதிரி பேசின, இன்னிக்குக் காக்கா மாதிரி பேசற?"

எனக்குத் தெரிந்த விற்பனைப் பேச்சு எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. சளி, பருவம் மாறுகிறது, உங்கள் ஊரில் எப்படி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறுபது வாய்கள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அதில் ஜெசிகாவின் வாயும் ஒன்று.

"அது நான் இல்லம்மா. என் தோழி. எனக்குக் குரல் போயிருந்துச்சு, எனக்காக அவ பேசினா. அவசரத்துல ஒண்ணத் தப்பாச் சொல்லிட்டா, அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

இரண்டு வருடம்தான், அதன்பிறகு ஏறலாம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழாய் சொட்டும் ஓசை கேட்டது. வேண்டாம் என்றால் இப்போதே எடுத்துவிடலாம், உங்களுக்கு ஒரு செலவும் வராது என்றும் சொன்னேன். அப்படி ஒரு வாக்கியத்தை அந்த நிறுவனத்தில் நான் அதுவரை உச்சரித்ததே இல்லை.

"இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்குத் தொண்ணூத்தொண்ணு" என்றார் சிஞ்ஞோரா பீனா. "அப்புறம் ஏறினா என் புள்ள கட்டட்டும், எனக்கென்ன? இருக்கட்டும் விடு." பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தப் பொண்ணு, ஒனக்காகவா அத்தன நேரம் பேசினா?"

"ஆமாம்மா."

"சரி. அவள நான் கேட்டேன்னு சொல்லு."

நான் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வால்டெதே படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தலைகீழாகத்தான் படிக்க முடிந்தது. குரல் என்ற கட்டத்தில், பதிமூன்று வரிகளிலும், மார்த்தா, சளி என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தார். லாவ்டிமின் வரியில்கூட. நன்றி சொல்ல வாயெடுத்தேன். தொண்டையை வீணாக்காதே, கதவைச் சாத்திவிட்டுப் போ என்றார்.

மதியம் மாடிப்படித் திருப்பத்தில், வீட்டிலிருந்து மூடிக் கொண்டுவந்த தட்டைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை பெத்ரித் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, மாவை இதழ் இதழாக உருட்டி, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டுக்கொடுத்த புரெக். அவர்களுக்கு நான் வேறு என்ன செய்வது என்று அவரிடம் கேட்டபோது, மூன்று தட்டுச் செய்யலாம் என்றுதான் சொன்னார், ஒன்றுதான் அடுப்புக்குள் நுழைந்தது. படிக்கட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து எல்லோரும் கையால் பிய்த்துத் தின்றார்கள். எனக்கே எட்டாது என்று அன்று மன்னிப்புக் கேட்டவளையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். தரந்தோ விஷயத்தை ஜெசிகாவிடம் காதோடு சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். காதுவரை சிவந்து, "மண்ட ஓடல அக்கா. மணி அஞ்சரையாகப் போச்சு, ஒண்ணுதான் பாக்கின்னு…" என்றாள். கிழவி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள் என்றேன். அதற்குத்தான் அவள் கண் நிறைந்தது. தொண்ணூற்றொன்று கதையைக் கேட்டு லாவ்டிம் சிரித்த சிரிப்பில் கீழே மரச்சாமான் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் ஓடிப்போன பிறகு ஒரு மூலைத்துண்டு மிச்சமிருந்தது. எர்கிஸ் கையில் தாள்களோடு படியேறி வந்தான். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தட்டை நீட்டினேன். யாருடையது என்று கேட்டான். எடுத்துக்கொள் என்று கைகாட்டினேன். நின்றபடியே, நாள் முழுக்கச் சாப்பிடாதவன்போல நாலு வாயில் தின்று முடித்தான். வீட்டில் யார் செய்தது என்று கேட்டான். கணவர் என்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லு என்றுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனான்.

புது வாரம், எல்லோர் எண்ணும் பூஜ்யத்திலிருந்து. எர்கிஸ் பலகையைத் தட்டித் தட்டி, கீழே இருக்கும் பெயர்களை உரக்க வாசித்தான். முதலில் என் பெயர். அவனுடைய வெள்ளைச் சட்டைக் காலரின் ஓரத்தில், பெத்ரித் உருட்டிய மாவின் ஒரு மெல்லிய பொன்னிற இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெசிகா பார்த்தாள், லாவ்டிம் பார்த்தார், கண்ணாடி அறையிலிருந்து வால்டெதேகூடப் பார்த்திருப்பார். யாரும் சொல்லவில்லை. அவன் கத்தும்போதெல்லாம் அது நடுங்கியது, மாலைவரை விழவேயில்லை.